முதலில் கழிப்பறைகளை எண்ணுங்கள்: அமெரிக்கக் கீழ்ப்பிரிவில் அணி தொடங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கீழ்ப்பிரிவுக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்க முடிவெடுத்து, சின்னம் வரையவும் ஜெர்சிக்கு நிறம் பார்க்கவும் ஆரம்பித்துவிட்ட உரிமையாளர் குழுக்களுக்கு,

வணக்கம்.

2017 நவம்பர் 12 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேசார் மைதானத்தில் அன்றைய இரண்டாம் டிவிஷன் லீகான என்.ஏ.எஸ்.எல்.லின் இறுதியாட்டம் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ டெல்டாஸ் அணி நியூயார்க் காஸ்மோஸை 2–0 என்று வீழ்த்தியது. டெல்டாஸுக்கு அது முதல் சீசன். வந்த வருடமே கோப்பை! அதுவே கடைசி சீசனாகவும் ஆகிப்போனது. கோப்பையை வைக்க அலமாரி வாங்குவதற்குள் அணியைக் கலைத்துவிட்டார்கள். நல்ல பயிற்சியாளர், நல்ல ஆட்டக்காரர்கள், பணம் போட்டவர்கள் எல்லாம் இருந்தும் கேலரி நிறையவில்லை.

இன்னொரு பக்கம் டெட்ராய்ட் சிட்டி எஃப்.சி. 2012இல் ஐந்து நண்பர்கள் கைக்காசு போட்டு, என்.பி.எஸ்.எல். என்ற நான்காம் படிநிலை அமெச்சூர் லீகில் தொடங்கிய அணி. காஸ் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியின் மைதானம்தான் வீடு. 2012 முதல் 2019 வரை எட்டு சீசன் அந்த லீகில் ஆடியும் தேசியக் கோப்பையை ஒருமுறைகூடத் தொடவில்லை. ஆனால் கூட்டம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. 2022இல் இரண்டாம் டிவிஷனான யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப்புக்குப் போனார்கள். அதே ஏப்ரலில், எல்லாப் படிநிலை அணிகளும் மோதும் ஓப்பன் கப் ஆட்டத்தில், முதல் டிவிஷனான எம்.எல்.எஸ்.ஸின் கொலம்பஸ் க்ரூ அணியைத் தங்கள் மைதானத்தில் 2–1 என்று அடித்து அனுப்பினார்கள்.

முதல் சில சீசன்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதில்தான் உங்களில் பலருக்கும் கேலரியில் நிற்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு. நீங்கள் அணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் சுவரைப் பற்றிப் பேசுகிறோம். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

முதலில், எந்தப் படியில் கால் வைப்பது என்ற கேள்வி. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்முறை விதிகளைப் படித்திருப்பீர்கள். மூன்றாம் டிவிஷனுக்கே முதன்மை உரிமையாளரின் சொத்து மதிப்பு குறைந்தது 1 கோடி டாலர் இருக்க வேண்டும். அணியில் 35 சதவீதப் பங்கு அவர் கையில் இருக்க வேண்டும். மைதானத்தில் 1,000 இருக்கை, நடுவில் அணி கவிழ்ந்தால் ஈடுகட்ட 2.5 லட்சம் டாலர் பிணைத்தொகை. இரண்டாம் டிவிஷனுக்கு அது 2 கோடி டாலர் சொத்து, 5,000 இருக்கை, 7.5 லட்சம் டாலர் பிணை என்று எகிறும். லீகுக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம் தனி. இதெல்லாம் உங்களிடம் இருக்கலாம். இருந்தாலும் முதல் மூன்று நான்கு சீசன்களை என்.பி.எஸ்.எல்.லிலோ அதே படியில் இருக்கும் யு.எஸ்.எல். லீக் டூவிலோ ஆடுவதுதான் புத்தி. அங்கே சம்பளப் பட்டியல் கிடையாது, பயணம் பெரும்பாலும் பஸ்ஸில்தான். தவறு செய்தாலும் சில ஆயிரம் டாலரோடு போகும். தொழில்முறையில் அதே தவறு சம்பளத்தோடு பெருகும். அகலக்கால் வைத்த அணிகளின் பட்டியல் நீளம். டெல்டாஸ் அதில் ஒரு வரி.

சின்சினாட்டியைக் காட்டி வாதாடாதீர்கள். எஃப்.சி. சின்சினாட்டி 2016இல் யு.எஸ்.எல்.லில் இறங்கி, முதல் சீசனிலேயே சராசரியாக 17,000க்கு மேல் கூட்டம் சேர்த்து, 2019இல் எம்.எல்.எஸ்.ஸுக்குப் போனது உண்மைதான். நகரின் நடுவே, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் நிப்பர்ட் மைதானமும், பின்னால் நின்ற பெரும் பணமும் அவர்களுக்கு வாய்த்தன. உங்கள் நகரில் அந்த இரண்டும் இருந்தால் இந்த மடலை மடித்து வைத்துவிடலாம்.

அமெச்சூர் லீகில் சீசன் மே தொடக்கம் முதல் ஜூலை நடு வரை. மொத்தம் 12, 14 ஆட்டம். உள்ளூரில் ஆறோ ஏழோ. அதாவது ஒரு வருடத்துக்குச் சம்பாதிக்க வேண்டியதை ஏழு இரவுகளில் சம்பாதிக்க வேண்டும். அந்த ஏழில் இரண்டை மழை கொண்டுபோகும். ஆகவே ஒவ்வொரு இரவையும் கல்யாண வீடு மாதிரி நடத்த வேண்டும். மண்டபம், வாசல், பந்தி, கழிப்பறை, கரண்ட். மாப்பிள்ளை அழகாக இருப்பது நல்லதுதான், ஆனால் சாப்பாடு தீர்ந்துபோனதைத்தான் ஊர் பேசும்.

மண்டபத்தில் தொடங்குவோம். உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் ஒரு உயர்நிலைப் பள்ளி மைதானம். அது அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டியது. அந்த ஆட்டத்தின் களம் 160 அடி அகலம், அதாவது 53 கஜம் சொச்சம். நம் ஆட்டத்துக்குச் சர்வதேச அளவு குறைந்தது 70 கஜம். பக்கவாட்டில் கேலரியோ வேலியோ நெருங்கி நின்றால் 60 கஜத்துக்கு மேல் தேறாது. 60 கஜக் களத்தில் நீள த்ரோ இன் எல்லாமே பெனால்ட்டி பாக்ஸில் விழும். ஆட்டம் மோதலும் விசிலுமாகப் போகும். விங் வழியாக ஆடும் அணியைத் திரட்டிவிட்டு இப்படிப்பட்ட களத்தைக் குத்தகைக்கு எடுத்தால் முதலுக்கே மோசம். ஒப்பந்தத்துக்கு முன் டேப்போடு போய் நீங்களே அளந்து பாருங்கள். பள்ளி நிர்வாகம் சொல்லும் அளவு பழைய வரைபடத்தில் இருப்பது.

சுற்றிலும் ஓடுதளம் இருந்தால் இன்னொரு சிக்கல். 400 மீட்டர் ஓடுதளத்தின் வளைவின் ஆரம் வழக்கமாக 36.5 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர். அதற்குள் 105க்கு 68 மீட்டர் களம் போட்டுப் பாருங்கள். நடுவில் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் இடம் இருக்கும். ஆனால் களத்தின் இரு முனைகளும் நேர்ப்பகுதியைத் தாண்டி வளைவுக்குள் பத்து மீட்டர் நுழைகின்றன. வளைவு உள்ளே திரும்பும் அந்த இடத்தில் கார்னர் கொடிக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே மிஞ்சுவது ஒரே மீட்டர். கார்னர் அடிப்பவர் ஓடுதளத்தின் ரப்பரிலிருந்து ஓடி வந்து செயற்கைப் புல்லில் கால் வைப்பார். இரண்டுக்கும் நடுவே சிமெண்ட் விளிம்போ வடிகால் மூடியோ இருந்தால் கணுக்கால் போகும். நான்கு மூலைக்கும் தடித்த ரப்பர் பாய் வாங்கி வையுங்கள். களத்தையும் இரண்டு மீட்டர் சுருக்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது.

கோல் பக்கம். ஃபுட்பால் களம் கடைசிக் கோட்டிலிருந்து கடைசிக் கோட்டுக்கு 120 கஜம். நம் களத்தை 110 கஜத்துக்கு வைத்தால் ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் 5 கஜம் மிஞ்சும். அங்கேதான் அந்த ஆட்டத்தின் உயரக் கம்பம் நிற்கிறது. கம்பத்தின் அடிக்கு மெத்தை சுற்றாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. வலைக்குள் ஓடும் ஃபார்வர்டு அங்கேதான் போய் முட்டுவார். கோல் போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம். பள்ளியில் இருப்பது தூக்கி வைக்கும் வகையாகத்தான் இருக்கும். பின் சட்டத்தில் மணல் மூட்டையோ ஆணியோ இல்லாமல் நிற்கும் கோல் கவிழ்ந்து சிறுவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் குழந்தைகளை உள்ளே விடுவீர்கள் என்பதால் இது உங்கள் தலையில் விழும் பொறுப்பு.

கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபுட்பாலுக்கு வெள்ளை, லக்ராஸுக்கு நீலம், நமக்கு மஞ்சள் என்று ஒரே தரையில் மூன்று ஆட்டம் வரைந்து கிடக்கும். கேலரியில் இருப்பவர் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார். நேரலையில் பார்ப்பவருக்குப் பெனால்ட்டி பாக்ஸ் எங்கே என்றே தெரியாது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் கிடைக்கிறது. நம் மஞ்சள் கோட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நாள் தடிமனாக்குங்கள். சாதா பெயிண்ட் அடித்துப் பள்ளியின் தரையைக் கெடுத்தால் அடுத்த வருடம் உங்களுக்குச் சாவி கிடைக்காது.

இனி விளக்கும் மின்னலும். ஜூன் கடைசியில் டெட்ராய்டில் சூரியன் மறைய இரவு 9:10 தாண்டும். 7 மணிக்குத் தொடங்கினால் விளக்கே இல்லாமல் முடித்துவிடலாம். அதனால் பலரும் விளக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மத்திய மேற்கு மாநிலங்களில் ஜூன், ஜூலை மாலைகள் இடியும் மின்னலும்தான். மின்னல் நெருங்கினால் களத்தையும் கேலரியையும் காலி செய்து, கடைசி மின்னலுக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புது மின்னலுக்கும் கடிகாரம் மறுபடி சுழியத்திலிருந்து ஓடும். கணக்குப் பாருங்கள். 7:30க்குத் தொடங்கிய ஆட்டம் ஒழுங்காகப் போனால் 9:20க்கு முடியும். நடுவில் ஒரு மின்னல், காத்திருப்பின் 25ஆவது நிமிடத்தில் இன்னொரு மின்னல். அப்படியே 55 நிமிடம் போச்சு. உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இன்னொரு 10 நிமிடம். ஆட்டம் முடிய 10:25. பள்ளியோடு போட்ட ஒப்பந்தத்தில் 10 மணிக்கு விளக்கு அணைப்பு என்றிருந்தால், 70ஆவது நிமிடத்தில் இருட்டில் நிற்பீர்கள். காவலாளியின் ஓவர்டைம், விளக்கு அணைக்கும் நேரம், விளக்கு சுவிட்ச் பெட்டியின் சாவி யாரிடம் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 1,500 பேரைக் காலி செய்தால் எங்கே நிற்க வைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அலுமினியக் கேலரிக்கு அடியில் ஒதுங்குவது ஆபத்து. பள்ளியின் உள்விளையாட்டரங்கைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்கு வருகிறோம். தலைப்பைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேச ப்ளம்பிங் விதித்தொகுப்பு விளையாட்டரங்குக்குச் சொல்லும் கணக்கு இது. முதல் 1,500 ஆண்கள் வரை 75 பேருக்கு ஒன்று, பெண்களுக்குக் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வரை 40 பேருக்கு ஒன்று. 1,500 பேர் வந்தால், பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டால், ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 19. பழைய பள்ளி மைதானத்தில் இதில் பாதிகூட இராது. மிச்சத்துக்குத் தற்காலிகக் கழிப்பறைகளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அவற்றைப் பார்க்கிங்கில் வைத்தால் போகிறவர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதியில் கோல் விழுந்துவிடும். குழந்தையோடு வரும் தாய் முதல் ஆட்டத்தில் இருபது நிமிடம் வரிசையில் நின்றால் இரண்டாம் ஆட்டத்துக்கு அந்தக் குடும்பமே வராது. தோற்ற அணியைப் பார்க்க மறுபடி வருவார்கள், இதற்கு வர மாட்டார்கள்.

வாசலுக்கும் இதே கணக்கு. டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட ஓர் ஆளுக்கு 6 வினாடி என்றால் நிமிடத்துக்கு 10 பேர். பையையும் சோதித்தால் 10 வினாடி, நிமிடத்துக்கு 6 பேர். கீழ்ப்பிரிவுக் கூட்டம் கடைசி நேரத்தில்தான் வரும். 1,500 பேரில் 1,000 பேர் கடைசி 25 நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 40 பேர். பைச் சோதனையோடு ஏழு வாசல் வரிசை வேண்டும். இரண்டு மேசை போட்டுவிட்டு உட்கார்ந்தால் தேசிய கீதத்தின்போது பாதிக் கூட்டம் தெருவில் நிற்கும். இடைவேளைச் சாப்பாட்டுக் கணக்கு இன்னும் கொடுமை. ஓர் ஆளுக்கு 45 வினாடி என்றால் 15 நிமிட இடைவேளையில் ஒரு கவுண்டர் 20 பேருக்குத்தான் கொடுக்கும். 500 பேர் எழுந்து வந்தால் 25 கவுண்டர் வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே இடைவேளையை நம்பாதீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்பே கதவைத் திறந்து, உணவு வண்டிகளை உள்ளே நிறுத்தி, தண்ணீரையும் சோடாவையும் கேலரியில் நடந்து விற்க ஆள் போடுங்கள். பீர் விற்கும் எண்ணம் இருந்தால், பள்ளிச் சொத்தில் மது என்பது தனி அனுமதி விவகாரம். வருமானத் திட்டத்தில் அதை எழுதுவதற்கு முன் அந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

டெட்ராய்டின் நார்தர்ன் கார்டு ரசிகர் கூட்டத்தின் முரசையும் புகையையும் பார்த்துவிட்டு, அதை அப்படியே வாங்கிவிடலாம் என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. நடக்காது. ஊதியம் கொடுத்துக் கத்த வைத்த கூட்டம் இரண்டாவது தோல்வியில் மௌனமாகிவிடும். நிர்வாகம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு பகுதியை முழுதாக விடுங்கள். இருக்கை எண் போடாதீர்கள், நிற்க விடுங்கள். முரசுக்கும் பதாகைக்கும் அனுமதி கொடுங்கள். பாட்டை நீங்கள் எழுதாதீர்கள், ஒலிபெருக்கியில் அவர்கள் மேல் விளம்பரத்தை ஓட விடாதீர்கள். குடும்பப் பகுதியை மைதானத்தின் எதிர்ப்பக்கம் வையுங்கள். வார்த்தைகள் காரமாக இருக்கும். புகைக் குப்பிக்குத் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும். செயற்கைப் புல்லில் விழுந்தால் உருகி ஓட்டையாகும். தண்ணீர் வாளியோடு ஓர் ஆளை நிறுத்தி, எரிந்து முடிந்த குப்பியை அதில் போடச் சொன்னால் போதும்.

போட்டி எதிரியையும் ரசிகர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். 2012இலேயே டெட்ராய்ட், ஏ.எஃப்.சி. கிளீவ்லண்ட், எஃப்.சி. பஃபலோ மூன்று அணிகளின் ரசிகர்களும் சேர்ந்து ரஸ்ட் பெல்ட் டெர்பி என்று ஒன்றை வைத்தார்கள். ஆலை மூடிய மூன்று ஊர்கள், மூன்றுக்கும் ஒரே வலி, ஒரே கிண்டல். லீக் அலுவலகத்தால் இப்படி ஒன்றை உண்டாக்க முடிந்திருக்காது. இடையே ஒரு பயணக் குறிப்பு. டெட்ராய்டிலிருந்து பஃபலோவுக்குக் குறுக்கு வழி கனடா வழியாகத்தான். ஆனால் அணியில் மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டு ஆட்டக்காரர் இருந்தால் எல்லையில் சிக்கல் வரும். ஏரியைச் சுற்றிக்கொண்டு டொலீடோ, கிளீவ்லண்ட் வழியே போனால் நூறு மைல் கூடும். பஸ் வாடகையைச் சுற்று வழிக்கே கணக்கிடுங்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவது வேண்டுமென்றேதான். கோடை லீகில் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, நியாயமான செலவை ஈடுகட்டலாம், அவ்வளவுதான். ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து பேருக்கு மேல் எடுக்க முடியாது. பக்கத்துப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் முழு அணியையும் அனுப்புவார் என்று கனவு காணாதீர்கள். செமஸ்டர் முறைக் கல்லூரிகள் மே தொடக்கத்தில் முடியும், காலாண்டு முறைக் கல்லூரிகள் ஜூன் நடுவில்தான் முடியும். ஆகவே முதல் நான்கு ஆட்டத்துக்கு ஓர் அணி, அடுத்ததற்கு வேறு அணி. ஆகஸ்ட் தொடக்கத்தில் கல்லூரி முகாம் கூப்பிடும். நாக் அவுட் வரும் நேரத்தில் உங்கள் ஸ்ட்ரைக்கர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். 26 முதல் 30 பேர் வரை பதிவு செய்து, அதில் பத்துப் பேராவது கல்லூரி முடித்து உள்ளூரிலேயே வேலை பார்ப்பவர்களாக இருக்கட்டும். அவர்கள்தான் அடுத்த வருடமும் இருப்பார்கள். குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்களைத்தான். கோல்கீப்பர் மூவர் வேண்டும். இருவரோடு தொடங்கிய அணிகள் ஜூலையில் யாரையோ தேடி ஓடுகின்றன.

பணத்தைத் திரட்டும் விதத்தில் இரண்டு உதாரணங்கள் போதும். காஸ் டெக் மைதானம் கொள்ளாமல் போனபோது டெட்ராய்ட் சிட்டி பக்கத்து ஊரான ஹாம்ட்ராமிக்கில் கீவொர்த் மைதானத்தைப் பார்த்தது. 1936இல் பெருமந்தக் கால வேலைத்திட்டத்தில் கட்டியது. அந்த அக்டோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்தார். பள்ளி மாவட்டத்தின் சொத்து, பழுதாகிக் கிடந்தது. கேலரியின் கட்டமைப்பு, கழிப்பறை, உடைமாற்றும் அறை, விளக்கு என்று செலவு. மிச்சிகன் மாநிலத்தின் உள்ளூர் முதலீட்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி 527 பேரிடமிருந்து 7,41,250 டாலர் திரட்டினார்கள். அது நன்கொடை இல்லை, வருமானத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். 2016 மே 20 அன்று ஏ.எஃப்.சி. ஆன் ஆர்பரோடு முதல் ஆட்டம், 7,410 பேர். நான்காம் படிநிலை அமெச்சூர் ஆட்டத்துக்கு! இதில் வரிசையைக் கவனியுங்கள். நான்கு சீசன் கூட்டம் சேர்த்த பிறகுதான் ஊரிடம் கை நீட்டினார்கள். கூட்டம் வருவதற்கு முன் கை நீட்டினால் நண்பர்களும் உறவினர்களும்தான் தருவார்கள், அதுவும் ஒரே முறை.

டென்னசியின் சாட்டனூகா எஃப்.சி. 2009இல் தொடங்கியது. ஃபின்லி மைதானத்தில் 2015 என்.பி.எஸ்.எல். இறுதியாட்டத்துக்கு 18,227 பேர் வந்தார்கள். காஸ்மோஸின் பி அணியிடம் கூடுதல் நேரத்தில் 3–2 என்று தோற்றார்கள். அவர்களும் அந்தத் தேசியக் கோப்பையை வென்றதில்லை. பத்து வருடம் கழித்து 2019இல் பங்கு விற்றார்கள். ஒரு பங்கு 125 டாலர். ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். அதே வருடம் அதே ஊரில் மூன்றாம் டிவிஷனான யு.எஸ்.எல். லீக் ஒன்னில் இன்னொரு தொழில்முறை அணி இறங்கியது. பழைய அணி கரையவில்லை. பங்கு விற்கும்போது ஓட்டுரிமை உண்டா, விற்க முடியுமா, லாபம் வருமா என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். இது முதலீடா, அன்பா என்று வாங்குபவருக்குக் குழப்பம் இருக்கக் கூடாது.

ஏழு இரவு போதாது என்றால் நட்பு ஆட்டம் வையுங்கள். டெட்ராய்ட் 2018 மே மாதத்தில் ஜெர்மனியின் சென்ட் பாவ்லியைக் கூட்டி வந்து கீவொர்த்தை நிரப்பியது. ரசிகர்களின் மனப்போக்கு ஒத்துப்போகும் அணி அது. பெரிய பெயர் என்பதற்காக யாரையும் அழைத்தால், உத்தரவாதப் பணமும் விமானமும் ஹோட்டலும் கட்டிய பிறகு அவர்களின் மூன்றாம் அணி வந்து நிற்கும். முதல் வரிசை ஆட்டக்காரர் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

மைதானம் மாறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓக்லண்ட் ரூட்ஸ் 2019இல் லேனி கல்லூரி மைதானத்தில் நிசா என்ற மூன்றாம் டிவிஷன் லீகில் தொடங்கியது. 2021இல் யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப்புக்கு ஏறியபோது லேனியின் தரை தயாராகாமல் சில ஆட்டங்களை லிவர்மோரில் ஆட நேர்ந்தது. 2023இல் ஹேவர்டுக்குப் போனார்கள். 2025இல்தான் ஓக்லண்ட் கொலிசியத்துக்கு வந்தார்கள், முதல் ஆட்டத்துக்கு 26,575 பேர். நல்ல முடிவுதான். ஆனால் பெயரில் ஓக்லண்டை வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இரண்டு வருடம் ஆடுவதை எல்லா ரசிகர்களும் தாங்க மாட்டார்கள். புதுத் தரை போடுவதாக இருந்தால் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே தரச் சோதனை முடிந்திருக்க வேண்டும். கூடவே மாற்று மைதானத்துக்கு முன்பணம் கட்டியிருக்க வேண்டும். முன்பணம் வீணாகும் என்று நினைத்தால், சீசன் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்.

லீகை நம்பி அணியைக் கட்டாதீர்கள். 2017 செப்டம்பரில் கூட்டமைப்பு இரண்டாம் டிவிஷன் அங்கீகாரத்தை மறுத்ததும் என்.ஏ.எஸ்.எல். 2018 சீசனே ஆடாமல் நின்றுபோனது. டெட்ராய்டும் சாட்டனூகாவும் 2020இல் ஏறிய நிசாவும் பின்னால் தேய்ந்து நின்றுபோனது. இரண்டு அணிகளும் அதற்குள் வேறு லீகுக்கு மாறியிருந்தன. மாற முடிந்ததற்குக் காரணம், பெயர், சின்னம், நிறம், சீசன் டிக்கெட் வாங்கியவர் பட்டியல், மைதானக் குத்தகை எல்லாம் அணியின் கையிலேயே இருந்தது. லீகோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இவற்றில் ஒன்றாவது லீகின் பெயருக்குப் போகிறதா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் யு.எஸ்.எல். உரிமையாளர்கள் வென்றவர் மேல் டிவிஷனுக்கும் தோற்றவர் கீழ் டிவிஷனுக்கும் போகும் ஏற்ற இறக்க முறைக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். கீழே இறங்கினாலும் கேலரி கூடவே இறங்குமா என்பதை யோசித்துவிட்டுச் சேருங்கள்.

குத்தகைப் பேச்சுக்குப் போகும்போது பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். களத்தின் அகலம் கோட்டிலிருந்து கோட்டுக்கு எத்தனை கஜம்? கேலரியை எஞ்சினியர் கடைசியாகப் பார்த்தது எந்த வருடம்? ஆகஸ்டில் பள்ளி ஃபுட்பால் அணி பயிற்சியைத் தொடங்கினால் நம் நாக் அவுட் ஆட்டம் எங்கே? மழையில் தள்ளிப்போன ஆட்டத்துக்கு மறுநாள் மைதானம் கிடைக்குமா, அதற்குத் தனி வாடகையா? விளக்கு சுவிட்ச் பெட்டியின் சாவி சனிக்கிழமை இரவு யாரிடம் இருக்கும், அவருடைய செல்போன் எண் என்ன? கடைசிக் கேள்விக்கு எண்ணை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு ஆட்டங்களைக் கேலரியில் நின்று பார்ப்பவர்களும், ஆட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்குபவர்களும்